ஐந்து சென்டிமீட்டர் வாட்டம்

ஒரு மீட்டர் அகலமுள்ள மலைப்பாதை. மேட்டுப் பக்க ஓரத்தைவிடப் பள்ளத்துப் பக்க ஓரம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். நடந்து போகிறவரின் பாதம் அதை உணராது. சைக்கிளில் போகிறவரின் கண்ணிலும் அது படாது. மழைத்தண்ணீருக்கு மட்டும் தெரியும். மேலேயிருந்து இறங்கி வரும் நீர் பாதைமேல் மெல்லிய விரிப்பாகப் பரவி, குறுக்கே கடந்து, மறுபக்கத்துப் புதருக்குள் போய்விடும். பாதை நனையும், கரையாது. மலைச் சைக்கிள் பாதை போடும் தன்னார்வலர்களின் கைவேலையில் என்னை முதலில் மயக்கியது இந்த 5 சென்டிமீட்டர்தான்.

எங்கள் ஊர்க் கொத்தனாருக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. மொட்டைமாடிக்குத் தளம் போடும்போது அவரும் வாட்டம் பார்த்துத்தான் போடுகிறார். பார்வைக்குத் தட்டையாக இருக்கும் தளத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் அது யோசிக்காமல் குழாய்வாய்க்கு ஓடும். ஆனால் அவருக்குச் சிமென்ட் இருக்கிறது. மலைப்பாதைக்காரருக்கு அந்த இடத்து மண்ணைத் தவிர வேறு சரக்கு கிடையாது. அந்த மண்ணும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இம்மியளவு நகர்ந்துகொண்டே இருக்கும். நகரும் பொருளில் நிலைத்த சாய்வு ஒன்றை நிறுத்துவது லேசான காரியமில்லை.

நாஞ்சில் நாட்டு வயக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால் சிரிக்கக்கூடும். "இதில என்னடே பெரிய சங்கதி? வெள்ளத்துக்கு வழி விட்டா வரப்பு நிக்கும்" என்பார். பழையாற்றுப் பாசனத்தில் மடையும் மறுகாலும் வைத்துப் பயிரிட்ட நிலம் இது. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது உலகம் அங்கு வரும் பறவைகளைப் பார்த்தது. எனக்குக் கரைதான் கண்ணில் நிற்கிறது. குளம் நிரம்பி வழியும் நாளில் அந்த மண்கரை உடையாமல் இருப்பது, மறுகால் சரியான இடத்தில் சரியான உயரத்தில் கட்டப்பட்டிருப்பதால். போக வழி கிடைத்த தண்ணீர் கரையோடு சண்டைக்கு நிற்பதில்லை. மலைச் சைக்கிள் பாதையின் இலக்கணத்தில் பாதி இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

மலைச் சைக்கிள் விளையாட்டு பிறந்தது இறக்கத்தில். 1970களில் கலிபோர்னியாவின் மாரின் மாவட்டத்து இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களைத் தமால்பைஸ் மலை வட்டாரத்து மண்சாலைகளில் ஏற்றி, ஓட்டி இறங்கினார்கள். 1976இல் அங்கே தொடங்கிய 'ரீபேக்' பந்தயம் இன்றும் பேசப்படுகிறது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் அந்தச் சைக்கிள்களுக்கு. ஒருமுறை கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரக் குடத்திலிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். புதிதாக அடைத்தால்தான் அடுத்த இறக்கம். ஆள் பெருகியதும் நடைப்பயணிகளோடு உரசல் வந்தது, பல பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. 1988இல் கலிபோர்னியச் சங்கங்கள் சில சேர்ந்து 'இம்பா' என்ற சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கின. உரிமை கேட்டு மனு எழுதியதோடு அவர்கள் நிற்கவில்லை. பாதையைச் செப்பனிடும் ஆளாக மண்வெட்டியோடு போய் நின்றார்கள். விளையாட்டு வீரர் கூலியில்லாத மராமத்துக்காரர் ஆன கதை இதுதான்.

அவர்கள் 2004இல் வெளியிட்ட பாதைக் கையேட்டில் ஒரு விதி உண்டு. மலை எவ்வளவு சரிந்திருக்கிறதோ, பாதையின் ஏற்றம் அதில் பாதியைத் தாண்டக் கூடாது. மலைச்சரிவு 20 சதவீதம் என்றால் பாதை 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். சரிவைக் குறுக்காக வெட்டிச் செல்லும் பாதையை நீர் ஒரு தாவலில் கடந்துவிடும். சரிவின் போக்கிலேயே நேராக இறங்கும் பாதைக்குள் விழுந்த நீருக்கு வெளியேற வாசல் இல்லை, பாதையே ஓடையாகிவிடும். இந்த விதியின் ருசி சமதளத்தில்தான் தெரியும். 4 சதவீதமே சரிந்த நிலத்தில் 3 சதவீத ஏற்றத்தில் பாதை போட்டால் கண்ணுக்கு அது தட்டை, தண்ணீருக்கு அது வாய்க்கால். செங்குத்தான மலையில் தப்பித்துவிடும் பாதை, சாதுவாகத் தெரியும் நிலத்தில் சேறாகிக் கெடும்.

அதனால் பாதைக்காரர் அதிக நேரம் நின்று யோசிப்பது சாதுவான இடங்களில். ஒரு கையில் சாய்வுமானி, மறு கையில் நிற நாடா. மரத்தில் நாடாவைக் கட்டுவார், கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்ப்பார், வந்து அவிழ்த்து ஒரு முழம் மேலே கட்டுவார். மண்வெட்டி மண்ணைத் தொடுமுன்பே பாதையின் தலையெழுத்து இப்படி எழுதப்பட்டுவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சரிவு மாற்றம். இறங்கிக்கொண்டே வரும் பாதை சில அடி தூரத்துக்கு மட்டும் லேசாக ஏறி, மறுபடி இறங்கத் தொடங்கும். சுமார் 20 அடியிலிருந்து 50 அடிக்குள் ஒன்று என்று வைப்பார்கள். சக்கரம் பட்டுப் பட்டு 5 சென்டிமீட்டர் வாட்டம் தேய்ந்துபோனாலும், பாதையோடு ஓடத் தொடங்கிய நீர் இந்த மேட்டை ஏற முடியாது. தாழ்விடத்தில் தயங்கி, வெளிப்பக்கம் சரிந்து போய்விடும். முன்பெல்லாம் இதற்குக் குறுக்கே ஒரு கட்டையைப் பதிப்பார்கள். கட்டைக்குப் பின்னால் வண்டல் சேரும், ஈரக் கட்டையில் சக்கரம் வழுக்கும், அதைத் தவிர்க்க ஆட்கள் சுற்றிப் போவார்கள், பாதை வயிறு பெருத்துக்கொண்டே போகும். மண்ணிலேயே செய்த அலைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இந்த அலையை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் கைதேர்ந்தவர் தெரிவார். வளைவுக்குச் சற்று முன்னால் வைப்பார். ஏற்றத்தில் வேகம் தானே அடங்கும், பிரேக்கை இறுக்க வேண்டியிராது. சைக்கிள் மண்ணுக்குச் செய்யும் பெரிய கெடுதல் உருளும் சக்கரத்தால் வருவதில்லை, பிரேக்கில் பூட்டிக்கொண்டு இழுபடும் சக்கரத்தால் வருகிறது. மொன்டானா மலைப்பாதைகளில் நடந்து 1994இல் வெளியான ஓர் ஆய்வு, சக்கரங்களைவிடக் குளம்புகளும் கால்களுமே அதிக மண்ணைக் கிளப்பிவிடுகின்றன என்று கண்டது. ஆனால் எல்லோரும் பிரேக் பிடிக்கும் வளைவு முகப்பைப் பார்த்தவர்களுக்கு அங்கே மண் வரிவரியாக மடிந்து கிடப்பது தெரியும். அந்த இடத்தில் ஒரு மண்ணலை இருந்தால் தண்ணீர் வெளியேறுகிறது, வேகம் அடங்குகிறது, ஓட்டுகிறவரின் வயிற்றில் ஒரு கணம் ஊஞ்சல் குறுகுறுப்பும் கிடைக்கிறது. ஒரே மேடு, மூன்று வேலை. எந்தக் கைவேலையிலும் இப்படி ஒன்று மூன்றாக விளையும் இடம்தான் நின்று பார்க்க வேண்டிய இடம்.

பாதையை மலையில் உட்காரவைக்கும் முறையிலும் ஒரு நேர்மை இருக்கிறது. பாதி அகலத்தைத் தோண்டி, தோண்டிய மண்ணையே வெளி ஓரத்தில் கொட்டி மீதிப் பாதியை உண்டாக்குவது சோம்பேறி வழி. முதல் பெருமழையிலேயே அந்தக் கொட்டிய மண் உட்கார்ந்துவிடும். நல்லவர்கள் முழு அகலத்தையும் மலையின் கெட்டி மண்ணுக்குள்ளேயே வெட்டுவார்கள். முதலில் இலைமக்கைச் சுரண்டி ஒதுக்குவார்கள். பாதை அதன்மேல் நின்றால் ஈரம் குடித்துச் சொதசொதக்கும். பிறகு அடி மண்ணை வெட்டி, அதை ஓரத்தில் குவிக்காமல் கீழே தூர வீசிப் பரப்புவார்கள். குவித்தால் அது வரப்பாகி நீரைத் தடுக்கும், மரத்தடியில் குவிந்தால் மரத்துக்கும் ஆகாது. மேட்டுப் பக்கம் வெட்டுப்பட்ட சுவரை நட்டுக்குத்தாக விடாமல் பின்னோக்கிச் சாய்த்துத் தட்டுவார்கள். எடுத்து வைத்த இலைமக்கைக் கடைசியில் அந்த வெட்டுக்காயங்களின் மேல் தூவுவார்கள். ஒரு பருவம் கழிந்தால் புல்லும் பாசியும் ஏறி, பாதை மலையோடு பிறந்ததுபோல் கிடக்கும்.

கருவிகளும் ரசிக்கத் தக்கவை. அமெரிக்கப் பாதைக்காரர்கள் விரும்பும் 'மெக்லியோட்' ஒரு பக்கம் அகலக் கொத்து, மறுபக்கம் தடித்த பல்வாரி. காட்டுத்தீயை அணைக்க வனக்காவலர் ஒருவர் 1905இல் உண்டாக்கியது. வெட்டும்போது கொத்து, வாரும்போது பல், கவிழ்த்து நிறுத்தினால் மண்ணைத் தட்டி இறுக்கும் பலகை. நம் ஊர் மம்பட்டியும் பிக்காசும் கடப்பாரையும் சேர்ந்தால் அந்த வேலைகளை முடித்துவிடும். மண்ணை இறுக்கும் பதம் வந்துவிட்டதா என்று பார்க்கக் கருவியே வேண்டாம். ஒரு பிடி அள்ளிப் பிடித்துத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், கையில் ஈரம் ஒட்டி வழியவும் கூடாது.

ஓட்டுகிறவரின் மனசையும் அளந்துதான் பாதை போடுகிறார்கள். வளைவு ஒன்று வைத்தால் அதற்கு ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உட்பக்கத்தில் ஒரு பாறையோ மரமோ இருந்தால் யாரும் குறுக்கே வெட்டிப் போகமாட்டார்கள். வெறும் புல்வெளியில் வளைந்தால் ஒரே வாரத்தில் அங்கே நேர்க்கோட்டில் ஒரு கள்ளப்பாதை முளைத்துவிடும். கடினமான பாதையாக இருந்தால் அதன் மிகச் சிரமமான கல்லை நுழைவாயிலிலேயே போட்டுவிடுவார்கள். பழக்கமில்லாதவர் பத்தடியில், விழுந்தாலும் அடிபடாத இடத்தில், திரும்பிவிடலாம். பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று பனிச்சறுக்கு மலைகளிலிருந்து எடுத்த குறிகள் பலகையில் இருக்கும். பலகையைப் படிக்காதவருக்கும் கல் சொல்லிவிடும். எச்சரிக்கையை மரியாதையாகச் சொல்லும் இந்த முறை எனக்குப் பிடிக்கிறது.

இடத்துக்கு இடம் கைவேலை மாறும். கனடாவில் வான்கூவருக்கு வடக்கே ஃப்ரோம், சீமோர், சைப்ரஸ் மலைகளில் மழை ஓயாது, தரை முழுக்க வேர், சேறு. 1980களின் கடைசியிலிருந்து அங்கே தன்னார்வலர்கள் விழுந்து கிடந்த செந்தேவதாரு மரங்களைப் பிளந்து, ஏணியைக் கிடத்தியதுபோல் சட்டம் அடித்துப் பாலங்கள் போட்டார்கள். சட்டங்களுக்கு இடையில் விட்ட சந்து வழியாகத் தண்ணீரும் சேறும் கீழே விழுந்துவிடும், சக்கரத்துக்குப் பிடிப்பும் கிடைக்கும். தேவதாரு எளிதில் மக்காது என்றாலும் மரம் மரம்தான். அந்தப் பாலங்களில் பல காலத்தில் உளுத்துப்போக, அதே ஊர்க்காரர்கள் பிறகு கல்லுக்கும் மண்ணுக்கும் வந்தார்கள். தட்டைக் கற்களை ஒன்றோடு ஒன்று நெருக்கிப் பதித்த தளம் பல தலைமுறை நிற்கும். ஒரு கலை தன் முதல் அழகைத் தானே கைவிட்டு முதிர்வதைப் பார்க்க அந்த மலைகளுக்குப் போகலாம்.

போட்ட பாதையைப் பேணுவது இன்னும் நுட்பமான வேலை, பெயர் கிடைக்காத வேலை. சக்கரங்கள் நடுவில் பள்ளம் பறிக்கும், ஒதுங்கிய மண் வெளி ஓரத்தில் விரல் உயரத்துக்கு வரப்புக் கட்டும். அவ்வளவு போதும், 5 சென்டிமீட்டர் வாட்டம் செத்துவிடும். அந்த வரப்பைச் சீவி எடுப்பதுதான் பராமரிப்பின் பெரும்பகுதி. அனுபவசாலிகள் மழை பெய்துகொண்டிருக்கும்போதே பாதையைப் பார்க்கப் போவார்கள். எங்கே நீர் தேங்குகிறது, எங்கே கோடு போட்டு ஓடுகிறது என்பதை வெயிலில் கண்டுபிடிக்க முடியாது. மம்பட்டி முனையால் ஓரத்தில் ஒரு வாய் திறந்துவிட்டால் தேங்கிய நீர் கலங்கலாக வெளியேறி, கொஞ்ச நேரத்தில் தெளிந்து ஓடும். சேறாக இருக்கும் நாளில் ஓட்டாமல் இருப்பதும் பராமரிப்பில் சேர்த்தி. அன்று விழுந்த சக்கரத்தடம் காய்ந்து, அடுத்த மழைக்கு ஆயத்தமான ஓடையாக நிற்கும்.

இந்தக் கலை தமிழர் வரலாற்றோடு உரசும் இடம் கோலாலம்பூரில் இருக்கிறது. நகரின் மேற்கே புக்கிட் கியாரா முன்பு ரப்பர் தோட்டம். அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டபின் பால்மரங்கள் காடாகி நின்றன. அந்தக் காட்டுக்குள் தன்னார்வலர்கள் சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் நடைக்குமாக ஒற்றையடிப் பாதைகளைக் கையால் வெட்டினார்கள். 'டிராக்ஸ்' என்று அழைக்கப்படும் கோலாலம்பூர்–சிலாங்கூர் பாதைச் சங்கம் அவற்றைப் பேணுவதற்காக எழுந்தது. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவுக்கு, பெரும்பாலும் பிற்பகல் இடிமழையாகக் கொட்டும் ஊர் அது. அங்கே ஒரு மண்பாதை ஓடையாகாமல் நிற்கிறதென்றால் அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

அந்தப் பாதைகளை மெச்சும்போது அதே சரிவில் விடியுமுன் கத்தியும் வாளியுமாக மரத்துக்கு மரம் நடந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளரையும் சேர்த்தே நினைக்க வேண்டும். புக்கிட் கியாரா தோட்டத்துக் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் பக்கத்திலிருந்த நீளவீடுகளுக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டு, நிரந்தர வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். பால்வெட்டுக்காரரின் தடம் எந்த வரைபடத்திலும் இல்லை. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது தொலைதூரக் கதை இல்லை. குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் போகும் வழியில், மலையைச் சுற்றி மட்டம் பிடித்து வெட்டிய ரப்பர்ப் படிகளில் வெட்டுக்காரர்களின் காலடித் தடம் இன்றும் தெரியும். சரிவைக் குறுக்கே கடப்பது, மட்டத்தை விடாமல் போவது, தண்ணீரைத் தடுக்காமல் இருப்பது எல்லாம் அந்தத் தடத்திலும் உண்டு. அவர்களுக்கு அதைக் கையேடு கற்றுத்தரவில்லை, நிறைந்த பால்வாளியின் கனம் கற்றுத்தந்தது.

இதையெல்லாம் பார்க்க எங்கள் பக்கத்தில் மலைச் சைக்கிள் பாதையைத் தேடவேண்டியதில்லை. சுசீந்திரம் தாண்டிக் கன்னியாகுமரிக்குப் போகும் வழியில், பொற்றையடிப் பக்கம் மருந்துவாழ்மலை நிற்கிறது. நாராயண குரு தவமிருந்த பிள்ளத்தடம் குகைக்கும், கார்த்திகைத் தீபம் ஏற்றும் உச்சிக்கும் ஆட்கள் ஏறிப் போகும் மலை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. மழை விட்ட மறுநாள் அந்தப் பாதையில் கண்ணைத் தரையில் வைத்து ஏறிப் பாருங்கள். அவசரக் கால்கள் குறுக்குவழி பிடித்து நேராக இறங்கிய இடத்தில் மண் அரித்து வேர் எழும்பி நிற்கும், மலையைச் சுற்றிப் பொறுமையாகப் போன இடத்தில் தரை கெட்டியாகக் கிடக்கும். கையேடு சொல்லும் பாதி விதியை அங்கே காலாலேயே படித்துவிடலாம்.

பாதை பொதுவாக இருக்கும் என்பதை மட்டும் எங்கள் ஊர் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் எல்லாச் சாதியாரும் நடக்கும் உரிமைக்காக 1926இலும் 1930இலும் இங்கே சத்தியாகிரகம் நடந்தது. திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12 அன்றுதான் வந்தது. கல்லும் மண்ணும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், யாரெல்லாம் நடக்கலாம் என்ற கேள்விக்கு விடை வராதவரை ஒரு பாதை முடிந்துவிடவில்லை. சைக்கிள் பாதைக்காரர்கள் கடைப்பிடிக்கும் சின்ன வழக்கங்களை இந்தக் கண்ணோடு பார்க்கிறேன். இறங்கி வருகிறவர் ஏறி வருகிறவருக்கு ஒதுங்கவேண்டும், சைக்கிள்காரர் நடப்பவருக்கு ஒதுங்கவேண்டும். வேகமும் வசதியும் உள்ளவர் விட்டுக்கொடுப்பதுதான் அங்கே சட்டம்.

தோண்டாதவனுக்குச் சவாரி இல்லை என்று பாதைக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. கறாராகத் தோன்றும். வயதானவர், குழந்தை, உடம்புக்கு முடியாதவர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் பாதை, யாரையும் கணக்குக் கேட்டு விட முடியாது. ஆனால் ரசனைக்கு அந்தப் பேச்சு அப்படியே பொருந்தும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை வரப்புச் சீவுவதில் கழித்தவருக்குத்தான் 5 சென்டிமீட்டர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அதற்குப் பிறகு அவர் எந்த மலையில் ஏறினாலும், எந்தக் குளக்கரையில் நடந்தாலும், தண்ணீரை எங்கே கடத்திவிட்டிருக்கிறார்கள் என்று தேடுவார், கண்டதும் முன்பின் தெரியாத யாரோ ஒருவரை மனசுக்குள் மெச்சுவார். பாதை போட்டவருக்கு அதைவிடப் பெரிய சம்பளம் இல்லை. கல்வெட்டில் பெயர் பொறித்தாலும் அது பொறித்தவருக்குத்தான் பெருமை. மழைக்கு மறுநாளும் பாதை கெட்டியாகக் கிடப்பதுதான் வெட்டியவருக்குப் பெருமை.